குளிர் அறையில் பச்சைச் சுடர்

அடுத்த வாரம் முதல் வேனில் ஏறப்போகும் தம்பி, தங்கைகளே, என் கருவிப் பெட்டியை உங்களுக்குள் பங்கு போட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது தாண்டியதுமே ஓய்வு பெறுகிறாள் என்று குனோங் ராபாட் பட்டறையில் எல்லாரும் என்னைக் கேலி செய்கிறார்கள். உண்மையில் இது இடமாற்றம்தான். பழைய இயந்திரங்களிலிருந்து உறிஞ்சி எடுத்த வாயுவைச் சுத்தம் செய்யும் கூடத்துக்குப் போகிறேன். ஆனாலும் ஏணி, மழை, வாடிக்கையாளர் வீட்டு நாய் மூன்றிலிருந்தும் எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. ஆகவே, ஓய்வு பெற்றவர்களுக்கு உரிய சுதந்திரத்தோடு ஒரு கதை சொல்லிவிட்டுப் போகிறேன்.

வால்வை எப்படித் திறப்பது, அளவுமானியை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரு ஆள் அழுதுகொண்டும் இன்னொரு ஆள் கத்திக்கொண்டும் நிற்கும்போது எப்படி யோசிப்பது என்பதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. தஞ்சோங் ரம்புத்தான் தாண்டி ஒரு பால் அறை இருந்தது. அங்கே கற்றுக்கொண்டேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை. சரோஜா அக்கா போன் செய்தார். பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் மாடு வைத்திருப்பவர். தோட்டம் போய் செம்பனையும் தாமான் குடியிருப்பு வீடுகளும் வந்துவிட்டாலும், ரப்பர்ப்பால் சேர்க்கும் ஸ்டோர் கட்டடம் மட்டும் இடிபடாமல் நின்றது. அதை வாடகைக்கு எடுத்து, உள்ளே ஒரு குளிர் அறை போட்டிருந்தார். ஈப்போவில் ஐஸ்கிரீம் கடை மூடியபோது வாங்கிய பழைய சாமான். பால் குடம் எடுப்பவர்களுக்காக அந்த வருடம்தான் முதல் முறையாகப் பெரிய அளவில் பால் எடுத்துவைத்திருந்தார். அவருடைய மாடுகளின் பால், அக்கம் பக்கத்துப் பால், எல்லாம் கேன் கேனாக அந்த அறைக்குள். விடிந்தால் குடத்தோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். அறையோ குளிரவில்லை.

"பூசத்துக்கு முதல் நாள் வேற எங்கயும் பால் கெடைக்காதும்மா," என்றார் அக்கா. "விரதம் இருந்து வர்றவங்க கையில நான் என்னத்த ஊத்துவேன்?"

வேனை ஓட்டி வந்தவர் என்னோடு பல வருடம் வேலை பார்த்த அண்ணன். பெயர் வேண்டாம், இதைப் படித்தால் போன் செய்து திட்டுவார். கைத்திறனில் அவரைப் போல் ஒருவரை நான் பார்த்ததில்லை. செம்புக் குழாயை அவர் வளைத்தால் அது தானாகவே வளைய விரும்பியது போல இருக்கும். எதையும் ஒன்று, இரண்டு என்று அடுக்கித்தான் நான் யோசிப்பேன் என்பதால் என்னை 'லிஸ்டு' என்று கூப்பிடுவார். தஞ்சோங் ரம்புத்தான் முச்சந்தியில் எப்போதும் வேகத்தைக் குறைத்து, இந்த லிஸ்டை இங்கே இருக்கும் பெரிய மனநல ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போகவா என்று கேட்பார். அன்றும் கேட்டார். உங்களுக்கும் சேர்த்தே ஒரு கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

ஸ்டோருக்கு வெளியே, நிழலில், இயந்திரம் இருந்தது. கம்ப்ரசர் தகட்டைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. ஆர்-12.

அந்தத் துள்ளல் ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலர் அந்த வாயுவைப் பார்க்காமலேயே இந்தத் தொழிலை முடித்துவிடுவீர்கள். கரிமம், குளோரின், ஃப்ளூரின் சேர்ந்த குளோரோஃப்ளூரோகார்பன். ஒரு காலத்தில் குளிர்பெட்டி, கார் ஏர்கான், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, மெத்தைக்குள் இருக்கும் நுரை என்று எங்கும் இதுதான். எரியாது. நாறாது. மூச்சில் கொஞ்சம் போனாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. தொழிலாளிக்கு இதைவிடச் சாதுவான வாயு அமையாது. அந்தச் சாதுத்தனம்தான் சிக்கல். கீழே எதனோடும் சேராததால், சிதையாமல் வெகு உயரம் போகிறது. அங்கே சூரியனின் கடும் கதிர் பட்டதும் குளோரின் கழன்று, நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் ஓசோனை உடைக்கிறது. உடைத்துவிட்டுத் தான் சேதமில்லாமல் வெளியே வந்து, அடுத்ததை உடைக்கிறது. மறுபடியும். மறுபடியும். ஒரே ஒரு அணு! இதை முதலில் படித்தபோது பாலிடெக்னிக் நூலகத்தில் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

அதைவிட எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. உலக நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து பேசி அந்த வாயுவை நிறுத்தின. மேலே இருக்கும் ஓட்டை மெல்ல மூடி வருகிறது. ஓட்டை போட்டதில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு, அடைப்பதிலும் உண்டு. ஒவ்வொரு முறை நீங்கள் வாயுவை வெளியே விடாமல் உருளைக்குள் உறிஞ்சும்போதும் அந்தப் பெரிய வேலையில் ஒரு தையல் போடுகிறீர்கள். ஸ்பானரைப் பிடித்த கையால் வானத்தைத் தைக்க முடிகிறது என்றால், யாருக்குத்தான் துள்ளாது?

ஆகவே உறிஞ்சும் பம்பை வேனிலிருந்து இறக்கச் சொன்னேன். அண்ணன் சிரித்தார். உள்ளே இருந்தால்தானே உறிஞ்சுவாய், முதலில் ஓட்டையைக் கண்டுபிடி என்றார். அவர் சொன்னது சரி. அழுத்தம் மிகவும் கீழே இறங்கியிருந்தது. வாயு எங்கோ கசிந்துகொண்டிருந்தது.

இயந்திரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் மூடியின் நடுவில் ஒரு பெரிய பொட்டு. சந்தனத்தின் மேல் குங்குமம், அதன் மேல் போன ஆயுத பூஜைச் சந்தனம், அதன் மேல் மறுபடி குங்குமம் என்று கல்லாகக் காய்ந்துபோன பொட்டு. வாடிக்கையாளர் வைத்த பொட்டை நாமாகத் துடைக்கக் கூடாது என்பது எங்கள் பட்டறையின் எழுதாத சட்டம். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், இன்னும் கவனமாக இருப்பேன். இருவரும் பொட்டைப் பார்த்தோம், தொடாமல் சுற்றி வேலை செய்தோம்.

கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு குழாய் நெடுகப் போனேன். குளோரினோ ஃப்ளூரினோ உள்ள வாயு பட்டால் அது கத்தும். வெளியே கத்தவில்லை. குளிர் அறைக்குள் போனேன். தரை, ஸ்டோரின் தரையைவிடப் பள்ளம். பால் கேன்கள் வரிசையாக நின்றன. மேலே விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கருவியைக் குழாய் மூட்டுகளில் வைத்தேன். மௌனம். சந்தேகத்துக்குச் சோப்பு நுரையைத் தடவினேன். ஒரு மூட்டில் குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. கருவியை அந்தக் குமிழிகளின் மேலேயே பிடித்தேன்.

அப்போதும் மௌனம்.

"செத்துப் போச்சுலா அது," என்றார் அண்ணன். "பேட்டரி பொம்மைய நம்பாத. நான் விளக்கு கொண்டாரேன்."

விளக்கு என்றால் கையடக்கச் சுடர்விளக்கு. ஒரு குட்டி உருளை, மேலே செம்புத் தகடு, பக்கத்தில் காற்றை உறிஞ்சும் ஒரு ரப்பர் குழாய். குழாய் முனையைக் கசியும் இடத்தில் காட்டினால், வாயு சுடரில் பட்டு, சுடர் பச்சையாக மாறும். பச்சை அடர்த்தியாக இருந்தால் கசிவு பெரிது. பழைய ஆட்கள் இதை வைத்துத்தான் பேராக் மாநிலம் முழுக்கக் கசிவு பிடித்தார்கள். ஆர்-12 எரியாது, அதற்கு அடுத்து வந்த ஆர்-22வும் அப்படிப் பற்றிக்கொள்வதில்லை. இரண்டிலும் குளோரின் உண்டு, ஆகவே இரண்டிலும் பச்சை வரும். அந்தச் சுடரின் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல என்பது வேறு விஷயம். வாயுவுக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோவது உலகில் எந்தத் தொழிலாளிக்கும் விசித்திரமாகப் படும். எங்கள் ஆட்களுக்கு மட்டும் அது கைப்பழக்கம். சாதுவான ஒரு வாயு கற்றுக் கொடுத்த பழக்கம்.

அண்ணன் விளக்கை எடுக்கப் போன அந்த இடைவெளியில் நானும் வேனுக்குப் போனேன். கருவி செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருந்தது. வேனில் இருந்த ஆர்-22 உருளையின் வால்வருகே அதைப் பிடித்தேன். கத்து கத்து என்று கத்தியது. ஸ்டோர் வாசலில் நின்ற அக்கா திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

அந்த இடத்தில் என் மண்டைக்குள் லிஸ்ட் தானாக ஓடியது. கருவி உயிரோடு இருக்கிறது. குமிழி வருகிறது, ஆகவே ஏதோ ஒரு வாயு வருகிறது. கருவி கத்தவில்லை, ஆகவே அந்த வாயுவில் குளோரினும் இல்லை, ஃப்ளூரினும் இல்லை. தகடு ஆர்-12 என்கிறது, ஆனால் உள்ளே இருப்பது ஆர்-12 இல்லை. ஆர்-12 நின்றுபோன பிறகு, பழைய இயந்திரத்தைத் தூக்கி எறிய மனமில்லாதவர்கள் அதே கம்ப்ரசரில் என்ன போட்டு ஓட்டினார்கள்? அழுத்தம் ஏறக்குறைய ஆர்-12 மாதிரியே இருக்கும், ஓசோனுக்கு ஒரு கெடுதலும் செய்யாத, மலிவான ஒரு கலவை. நம் சமையல் அடுப்பு வாயுவின் சொந்தக்காரன், அதற்குச் சேர்க்கும் நாற்றம் மட்டும் இல்லாதவன்.

திரும்பி ஓடினேன். இல்லை, வேகமாக நடந்தேன். ஓடினால் அக்கா பயந்துவிடுவார் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அண்ணன் குளிர் அறை வாசலில் குந்தியிருந்தார். ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் லைட்டர்.

"அண்ணே, லைட்டர கீழ வைங்க."

"ஏன், உன் லிஸ்டுல இது இல்லையா?"

"பச்சை வராதுண்ணே. நீலமா வரும். நம்ம எல்லாரையும் சேத்து எரிச்சுக்கிட்டு வரும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நீ பள்ளிக்கூடம் போகும்போதே இந்த விளக்கால் கசிவு பிடித்தவன் நான் என்றார். தகட்டில் என்ன எழுதியிருக்கிறது, நீதானே படித்தாய் என்றார். அக்கா பின்னால் நின்றுகொண்டு, எதையாவது செய்யுங்கள், பால் சூடாகிறது என்று அழ ஆரம்பித்தார். இருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி நேரத்தில் வாதத்தில் ஜெயிக்கத் தேவையில்லை, கையை நிறுத்தினால் போதும். நான் அவருக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றேன். அவ்வளவுதான். என் மேல் சுடரைக் காட்டாமல் அவரால் உள்ளே காட்ட முடியாது.

லைட்டர் சட்டைப் பைக்குள் போனது. முகத்தில் கோபம் போகவில்லை, முறைத்துக்கொண்டே இருந்தார்.

நான் மூச்சு விடுவதற்குள் அக்கா உதவி செய்யத் தொடங்கிவிட்டார். காற்று வரட்டும் என்று ஸ்டோரின் பெரிய மின்விசிறியைப் போடச் சுவிட்சை நோக்கிப் போனார்.

"அக்கா, சுவிட்ச தொடாதீங்க. போடவும் வேணாம், அணைக்கவும் வேணாம். வெளிய வாங்க."

சுவிட்சுக்குள் ஒரு சின்னப் பொறி போதும். மின்சாரத்தை ரோட்டோரத்தில் இருந்த மீட்டர் பெட்டியில், தொலைவில் போய் நிறுத்தினோம். ஸ்டோரின் இரண்டு பக்கத்துக் கதவுகளையும் அகலத் திறந்தோம். அந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும், கலைய நேரம் எடுக்கும். பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேர்ந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது.

காற்று தன் வேலையைச் செய்யும்வரை வெளியே நின்றோம். இயந்திரத்தின் பொட்டு என் கண்ணுக்கு நேராக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், சந்தனத்தின் விளிம்பில் ஏதோ ஒரு மூலை எட்டிப் பார்த்தது. தாள் மூலை. அக்காவிடம் கேட்டேன், இதை நான் துடைக்கக் கூடாது, நீங்கள் துடைப்பீர்களா என்று. அவர் ஒரு கணம் தயங்கினார், பிறகு துணியை நனைத்துக்கொண்டு வந்து, மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தார். குங்குமம் கரைந்தது. சந்தனம் கரைந்தது. அடியில் ஒரு முக்கோணம் வந்தது. முக்கோணத்துக்குள் ஒரு நெருப்புச் சுடர்.

ஐஸ்கிரீம் கடைக்காரருக்கு வாயு மாற்றிக் கொடுத்தவர், யாரோ நல்ல மனுஷன், முறையாக எச்சரிக்கை ஒட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"மெஷினுக்கு அதான் நெத்தி மாரி இருந்துச்சு," என்றார் அக்கா. "அதான் அங்க வச்சேன்."

அண்ணன் அந்த முக்கோணத்தைப் பார்த்தார். லைட்டரை வெளியே எடுத்து வேனின் முன்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். குழாயில் மிச்சம் இருப்பதை என்ன செய்வது என்று மட்டும் கேட்டார். நம் பம்பு இந்த வாயுவுக்கானது அல்ல, நீளமான ரப்பர் குழாய் போட்டுக் காற்று போகும் திசையில், திறந்த வெளியில், மெதுவாக விட்டுவிடலாம் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு திரும்பி வந்தது.

"இத்தன வருசமா வெளிய விடாத, வெளிய விடாதன்னு என் உயிர எடுத்த. இப்ப நீயே விடச் சொல்றியா?"

"இது வானத்துக்கு ஒண்ணும் பண்ணாதுண்ணே. நமக்குத்தான் பண்ணும்."

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் நம் தொழிலின் இன்றைய நிலைமை முழுக்க அதில் இருக்கிறது. முதல் வாயு நம்மை விட்டுவிட்டு வானத்தைக் கடித்தது. அடுத்து வந்தவற்றில் குளோரின் குறைந்தது, பிறகு இல்லாமலே போனது, ஆனால் பூமியைச் சூடாக்கின. இப்போது வருபவை வானத்துக்கும் நல்லவை, சூட்டுக்கும் நல்லவை, ஆனால் தீப்பெட்டிக்கு ஆகாதவை. உங்கள் காலம் இந்தக் காலம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சரி, பால்.

அண்ணன் வயலோரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அக்காவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குழாய் மூட்டின் ஓட்டையை நெருப்பால் உருக்கித்தான் அடைக்க வேண்டும். வாயு முழுக்கப் போய், குழாயை நைட்ரஜன் விட்டுக் கழுவும்வரை அங்கே நெருப்பு கூடாது. இந்த இயந்திரம் இன்று ஓடாது. இப்படிச் சொல்வது கஷ்டம். ஓட்டிவிடலாம் என்று நம்பிக்கை கொடுத்துக்கொண்டே மாலை வரை இழுப்பது சுலபம். ஆனால் அக்காவுக்கு வேண்டியது இயந்திரம் இல்லை. பால். அதை ஒப்புக்கொண்ட நொடியில் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. குளிர் எங்கிருந்து வந்தால் என்ன?

வாயுவை விட்டு முடித்து வந்த அண்ணனுக்குப் பாசாரில் மீன் விற்கும் கூட்டாளி இருந்தார். அவரிடம் பெரிய ஐஸ் பெட்டிகள் உடனே கிடைக்கும் என்று அண்ணன் சொன்னார். போனையும் எடுத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி பைக்குள் வைத்தார்.

"முருகனுக்குப் போற பால மீன் பொட்டியில வைக்கச் சொல்றியா?"

கேன் மூடித்தானே இருக்கிறது என்று அண்ணன் ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன். விரதம் இருப்பவர்களுக்கு அது வெறும் பெட்டி அல்ல. குளிர் சரியாக இருந்தும் பாலை யாரும் வாங்கமாட்டார்கள் என்றால், அதுவும் கெட்ட பால்தான்.

மீன் படாத ஐஸ், நிறைய ஐஸ், தைப்பூசத்துக்கு முதல் நாள். கேள்வியை அப்படிக் கேட்டதும் பதில் தானாக வந்தது. தண்ணீர்ப் பந்தல்! ஊர்வலம் போகும் பாதையெல்லாம் இளைஞர்கள் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கு இலவசமாகக் குளிர்பானம் கொடுப்பார்கள். அதற்கு லோரி லோரியாக ஐஸ் வாங்கிப் பெரிய தொட்டிகளில் நிரப்புவார்கள். அக்காவின் தம்பியே ஈப்போவில் கூட்டாளிகளோடு ஒரு பந்தல் போட்டிருந்தார். அக்கா போனைப் போட்டு அழுகையும் அதட்டலுமாகச் சொல்லி முடித்தார். எதிர்ப்பக்கக் குரல் எனக்கே கேட்டது.

"ஐஸ் இப்பத்தான் வந்துச்சு. தொட்டி காலியா இருக்குலா. நாங்க சிரப் கலக்கறது நாளைக்குத்தான். கொண்டாங்கக்கா."

வாயு கலைந்துவிட்டது என்று உறுதியானதும் கேன்களைத் தூக்கி வேனில் ஏற்றினோம். ஈரச் சாக்கு போட்டு மூடினோம். அண்ணன் அன்று முச்சந்தியில் வேகத்தைக் குறைக்கவில்லை. பந்தலில் பையன்கள் தொட்டிகளைக் கழுவித் தயாராக வைத்திருந்தார்கள். கேன்களின் கழுத்து வரை ஐஸ். இடுக்கில் என் வெப்பமானியைச் செருகினேன். முள் இறங்க இறங்க நான் கை தட்டினேன் என்று அண்ணன் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். பந்தல் பையன்கள் முறை வைத்து ஐஸ் போட்டார்கள், அவர்கள் குளிர்பானத்துக்கு வேறு லோரி சொன்னார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. காலையில் அறை சூடாக இருந்த நேரத்தில் பால் கெட ஆரம்பித்திருந்தால், பிறகு ஐஸ் போட்டுப் பயனில்லை. சாமிக்குப் போகும் பாலை யாரும் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. என் வெப்பமானி இப்போது சொல்வதைத்தான் சொல்லும், காலையில் நடந்ததைச் சொல்லாது.

தைப்பூசத்தன்று விடிந்ததும் பந்தலுக்குப் போனேன். குடம் எடுப்பவர்களையும் அக்கா அங்கேயே வரச் சொல்லியிருந்தார். அண்ணன் எனக்கு முன்பே அங்கே இருந்தார். குடத்தோடு முதல் ஆட்கள் மஞ்சள் உடையில் வரிசையில் நின்றார்கள். அக்கா எல்லாக் கேன்களையும் நன்றாகக் கலக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் ஊற்றினார். அது குடத்துக்குப் போகாது, காய்ச்சிப் பார்க்க மட்டும். ஒரு கேன் கெட்டிருந்தாலும் திரிந்து காட்டிக் கொடுத்துவிடும். பந்தல் அடுப்பில் பாத்திரத்தை வைத்தார். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுப்புக்குத் தீப்பெட்டி தேடினார்கள்.

அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். லைட்டர்.

"இப்ப அடிக்கலாமா, லிஸ்டு?"

அடுப்பு வாயு உருளையைப் பார்த்தேன். நேற்று குழாயிலிருந்து வயலில் விட்டதன் சொந்தக்காரன், இப்போது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தான். மேலே திறந்த வானம், சுற்றிலும் காற்று.

"அடிங்கண்ணே."

நீலமாகத்தான் வந்தது. ஒழுங்கான, வட்டமான, சத்தமில்லாத நீலம். பால் முதலில் சும்மா இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஒரு நுரை. திரியவில்லை. நுரை வளர்ந்து, விளிம்பைத் தொட்டு, வெள்ளை வெளேரென்று பொங்கி வழிந்தது. பந்தல் பையன்கள் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அக்கா கண்ணைத் திறந்து, முதல் குடத்தை வாங்கி, ஊற்ற ஆரம்பித்தார்.

அந்த இயந்திரத்தை விடுமுறைக்குப் பிறகு முறையாகச் சரிசெய்தோம். புது எச்சரிக்கை ஒட்டினேன், பக்கத்தில் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு, அக்கா, நெற்றி இனிமேல் இங்கே என்றேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொட்டு வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. முக்கோணத்தை அவரே துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்.

என் கருவிப் பெட்டியில் அந்தக் கசிவுக் கருவியும் இருக்கிறது. அது கத்தும்போது கேளுங்கள். கத்தாதபோது இன்னும் கவனமாகக் கேளுங்கள். அண்ணனின் சுடர்விளக்கைத் தேடாதீர்கள். அதைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, கீழே அவரே ஒரு பொட்டு வைத்திருக்கிறார்.